மூட்டையின் மேல்முகம்

காலையிலிருந்து மூன்றாவது மூட்டையும் இடுப்பு உயரத்தில் கழன்று விழுந்தபோது முனிசாமி தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திருப்புட்குழி போகிற சாலையில் இருக்கும் அந்த இடியாப்ப மாவுத் தொழிற்சாலையில், லாரியில் வரும் அரிசி மூட்டைகளை இறக்குவதுதான் பதினோரு வருடமாக அவர் வேலை. போன ஆடியில் முதுகுத்தண்டில் ஒரு தட்டு விலகி ஆபரேஷன் ஆனது. இனிமேல் பத்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஐம்பது கிலோ மூட்டைகள் வந்து இறங்கும் இடத்தில் பத்து கிலோ ஆளுக்கு என்ன வேலை இருக்கும்? மேலாளர் மஹாலட்சுமிதான் ஒரு தூக்கும் இயந்திரத்தை இரண்டு வாரச் சோதனைக்கு வரவழைத்தார். மூட்டை விழாமல் இருந்தால் இயந்திரம் இங்கேயே நிற்கும், முனிசாமி அதை இயக்குவார். விழுந்துகொண்டே இருந்தால் சனிக்கிழமை அது திரும்பிப் போய்விடும். முனிசாமியும் முசரவாக்கத்துக்குப் போய் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அன்று வியாழன்.

இயந்திரம் பார்க்க ரொம்ப எளிமையாக இருக்கும். மேலே ஒரு கை, எந்தப் பக்கமும் திரும்பும். அதிலிருந்து ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு குழாய் தொங்கும். குழாயின் அடியில் ரப்பர் விளிம்பு வைத்த ஒரு பாதம். அந்தப் பாதத்தை மூட்டையின் மேல் அழுத்தி வைத்தால், தூரத்தில் ஓடும் பம்பு குழாயிலுள்ள காற்றை இழுத்துவிடும். உள்ளே காற்று குறைந்ததும் வெளிக்காற்று குழாயை நாலா பக்கமும் நெருக்கும். துருத்தி சுருங்கும், மூட்டை மேலே வரும். கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்தினால் கொஞ்சம் காற்று உள்ளே போகும், மூட்டை இறங்கும். தூக்குவது நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கிற காற்றேதான். இயந்திரக் கம்பெனிக்காரர் வெங்கடேசன் முதல் நாள் இதைச் சொன்னபோது முனிசாமி அசந்து போனார். ஐம்பது கிலோ அவர் கையில் ஒரு தலையணை போல மிதந்தது.

பத்துக்கு ஒன்று விழுந்தது. அதுதான் சிக்கல். வெங்கடேசன் ரப்பர் விளிம்பை மாற்றினார், பம்பைப் பார்த்தார். வடிகட்டியைத் திறந்தபோது அதில் ஒரு பிடி அரிசி இருந்தது. சாக்கு மட்டம் மேடம், காற்று போகிறது என்று மஹாலட்சுமியிடம் சொல்லிவிட்டார். முனிசாமிக்கு அது ஒப்பவில்லை. எல்லாம் ஒரே மில்லிலிருந்து வந்த ஒரே சாக்கு. ஒன்பது நிற்கிறது, ஒன்று மட்டும் ஏன் விழ வேண்டும்?

மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகு அவர் விழுந்த மூட்டையின் பக்கத்தில் மெதுவாகக் குந்தினார். முப்பது வருடம் கழுத்தில் மூட்டை வைத்த ஆள். கண்ணைவிடக் கைக்கு அதிகம் தெரியும். உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். மேல்முகத்தில், சரியாக நடுவில், கட்டைவிரல் உள்ளே போயிற்று.

அடுத்த மூட்டையிலும் அதே இடம். மூன்றாவதிலும் அதே.

குத்தூசி போட்ட ஓட்டை. நுனி கூரான, ஒரு பக்கம் திறந்த இரும்புக் குழல் அது. சாக்கில் குத்தினால் ஒரு கை அரிசி வழிந்து வரும். கல், நிறம், ஈரம் பார்ப்பார்கள். பத்து மூட்டைக்கு ஒன்று என்று குத்துவது முருகேசன் வேலை. மூட்டை கீழே கிடக்கும்வரை ஓட்டை ஒடுங்கித்தான் இருக்கும். தூக்கியதும் கனத்தில் சாக்கு விரியும், ஓட்டை வாய் திறக்கும், அரிசிக்கு நடுவே காற்று பாயும், பிடி விட்டுப் போகும்.

ஏன் நடுவில், ஏன் மேல்முகத்தில் என்று முனிசாமிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காரணமே அவர் முதுகுதான்.

அவரும் முருகேசனும் ஒரு ஜோடி. பிள்ளையார்பாளையத்துக்குப் பின்னால் இருந்த பழைய ரைஸ்மில்லில் இருபத்திரண்டு வருடம். அப்போது சணல் சாக்கு, நூறு கிலோ. முருகேசன் ஒரு மூலையைப் பிடித்து "ஊம்" என்பார், மறு மூலையை முனிசாமி பிடிப்பார், மூட்டை யார் முதுகில் ஏற வேண்டுமோ அவர் முதுகில் ஏறியிருக்கும். காலையில் மூட்டை வண்டி தெருவுக்குள் நுழைய முடியாது. தெரு நீளத்துக்கு நெசவுக்காரர்கள் பட்டுப் பாவு நூலை நீட்டியிருப்பார்கள். அவர்கள் சுருட்டி முடிக்கும்வரை இருவரும் வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு, அந்த நூல் எந்தக் கல்யாணத்துக்குப் போகும் என்று பேசியிருப்பார்கள். அந்த அரைமணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் முனிசாமிக்கு மனசு லேசாகும்.

மில்லில் குத்தூசி வைத்திருந்தவர் கண்ட இடத்தில் குத்துவார். முதுகுப் பக்கம் ஓட்டை வந்துவிட்டால், சுமக்கிறவன் சட்டைக்குள் அரிசியும் தவிடும் வியர்வையோடு இறங்கும். சாயங்காலம் குளிக்கும்வரை பிடுங்கும். முருகேசனுக்கு முழங்கால் போனபின் குத்தூசி அவர் கைக்கு வந்தது. அன்றே அவர் சொன்னார்: எந்தப் பக்கம் ஆள் முதுகில் படாதோ அந்தப் பக்கம்தான் குத்துவேன். சொன்னபடியே குத்தினார். இங்கே வந்தும் அதை மாற்றவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில்தான் இயந்திரம் பாதம் வைக்கிறது.

மேலாளரிடம் போய்ச் சொன்னால் பழி முருகேசன் தலையில் விழும். அறுபது தாண்டிய ஆள். இந்த ஊசி வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலையில்லை. முனிசாமி டீக்கடைப் பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஊசிய எங்கபா குத்துற?"

"எங்க குத்துவேன்? நடு வயித்துல, மேல் பக்கம். உனுக்குத் தெரியாதா இன்னா?"

"தெரியும். அங்கதான் அது வாய வைக்குது."

முருகேசன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தினி நாளா மூட்டைய தள்ளிக்கினு இருந்தது நான்தானா? மேனேஜர் அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல? அந்த மெஷினு பூட்சுன்னா நீயும் பூடுவ. பெரிய தர்மபிரபு இவுரு" என்று எழுந்து, டீயை முடிக்காமலேயே, குத்தூசியைக் கையில் பிடித்தபடி அவரே மஹாலட்சுமியின் அறைக்கு நடந்தார். முனிசாமி பின்னால் போனார்.

மஹாலட்சுமி திட்டவில்லை. நெசவுக் குடும்பத்துப் பெண். இறங்கி வந்து மூட்டையின் ஓட்டையை நகத்தால் நீவிப் பார்த்தார்.

"சணல்ல குத்துனா இழை விலகும், நீவி விட்டா மூடிக்கும். பட்டும் அப்படித்தான். இது இழையே இல்லப்பா, பிளாஸ்டிக் பட்டை. அறுந்தா அறுந்ததுதான்" என்றார். பிறகு வேறு எங்கே குத்தலாம் என்று முருகேசனையே கேட்டார். வாய் தைத்த இடத்துக்குக் கீழே, மூலையில் என்றார் முருகேசன். அங்கே பாதம் எட்டாது.

சனிக்கிழமை நூற்று இருபது மூட்டை வந்தது. பழக்கத்தில் இரண்டு தரம் முருகேசன் கை நடு வயிற்றுக்கே போயிற்று. கையைத் திட்டிவிட்டு மூலைக்கு மாற்றினார். முனிசாமி ஒவ்வொரு மூட்டையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். பாதி லாரி காலியான பிறகுதான் மூச்சு சீரானது. மூலை ஓட்டைகளிலிருந்து தரையில் இரண்டு படி அரிசி சிந்தியிருக்கும். மூட்டை ஒன்றும் விழவில்லை. மத்தியானம் மஹாலட்சுமி வெங்கடேசன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, திங்கள் முதல் முனிசாமி இதற்கு ஆபரேட்டர் என்று மற்றவர்களிடமும் சொன்னார்.

லாரியில் கடைசி மூட்டை கிடந்தது. முனிசாமி கைப்பிடியை முருகேசனிடம் நீட்டினார். வேண்டாம் வேண்டாம் என்றவர் வாங்கிக்கொண்டார். பாதத்தை வைத்து அழுத்தியதும் மூட்டை எழுந்தது. அவருடைய இடது கை தானாகப் போய் ஒரு மூலையைப் பிடித்தது. வாயிலிருந்து "ஊம்" என்று வந்துவிட்டது.

டாக்டர் தூக்கக்கூடாது என்றுதான் எழுதியிருந்தார். முனிசாமி போய் மறு மூலையில் கையை வைத்தார். மூட்டையில் கனமே இல்லை. ஆனாலும் இருவரும் பழைய நடையில்தான், கால் மாறாமல், மூட்டையை உள்ளே கொண்டுபோகும் பெல்ட் வரைக்கும் நாலு எட்டு நடந்தார்கள்.