மேல்மாடியில் நின்று சுருதி சேர்த்தவர்

...ஃபாக்டரி ரோலர்கள் பாடிய அந்தப் பாட்டைக் கேட்டு ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் டிரைவர் அழுதுகொண்டே பதினெட்டு நிமிஷம் வண்டியை எடுக்காமல் நின்றான், இருபது வருஷமாக மூக்கன் சொல்லி வருகிறார், ஒருவரும் நம்பவில்லை, போகட்டும், ஆனால் இதோ திரையில் இந்த வினோஜன், சத்தங்களிலிருந்தே இசை செய்யும் மேதையாம், அவனைப் பற்றித்தான் இந்த ஆவணப்படமே, சொல்கிறான் பாருங்கள், தேயிலை ஃபாக்டரியில் இயந்திரங்கள் தாமாகவே பாடினவாம், அன்றுதான் தன் இசை பிறந்ததாம்... தாமாகவா? கொழுந்து உருட்டும் நாலு ரோலரும் எந்த ஊரில் தாமாகப் பாடும்? மூன்று நாள் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றாய், அதுகள் ஒரே மாதிரி உறுமின, உன் முகம் வாடிய கொழுந்தைவிட மோசமாகக் கிடந்தது, பாவமென்று மேல்மாடியில் நின்ற இந்த மூக்கன்தானே துணிக்குழாய் வழியே ஒன்றுக்கு முட்ட முட்டக் கொழுந்து, அடுத்ததற்கு முக்கால், அதற்கடுத்ததற்கு அரை, கடைசிக்கு ஒரு பிடி என்று இறக்கினேன், நாலும் நாலு சுருதியில் எழும்பின, கீழே நீ கண்மூடிக் கிடந்தாய், மேலே யார் என்று ஒருதரம் அண்ணாந்து பார்த்தாயா? ஃபாக்டரி பெயர் வருகிறது, அன்று பெய்த மழைகூட வருகிறது, மூக்கன் எங்கே...

எழுந்து கத்திவிடலாமா? பக்கத்து நாற்காலியில் வீரய்யா, அன்று ஃபாக்டரியை மேய்த்த டீமேக்கர், இந்த ஆளிடம் எத்தனை தரம் சொல்லியாயிற்று, "நீ சாராயத்துல கனாக் கண்டிருப்ப மூக்கா" என்று ஊர் சிரிக்கச் சொன்ன மனுஷன், இப்போது ஏன் குனிந்துகொண்டிருக்கிறார்? திரையில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது, அதே நாலு குரல், மூக்கனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கேட்டீங்களாய்யா, களவாணிப் பய. தானா பாடுச்சாம்."

"அவன திட்டாத மூக்கா."

"ஏன், ஒங்க மாப்பிள்ளையா?"

வீரய்யா திரையைப் பார்த்தபடியே பேசினார். "அன்னைக்கி நீ முட்ட அடைச்ச ரோலர்ல கொழுந்து பூராவும் கருகிப் போச்சு. தொரைக்குத் தெரிஞ்சா ஒனக்கு வேல போயிருக்கும். மிஷின் கோளாறு, தானா கத்துதுன்னு தொரைகிட்டயும் சொன்னேன், அந்தத் தம்பிகிட்டயும் சொன்னேன்."

அப்படியானால் திரையில் இருப்பவன் பொய் சொல்லவில்லை... இருபது வருஷம் சோறு போட்ட வேலையும், பெயர் இல்லாமல் போனதும், இரண்டும் இந்த ஒரே வாயிலிருந்தா? யாரைத் திட்டுவது இனி?

"நான் படியில நின்னேன்டா," என்றார் வீரய்யா. "நீ அளந்து அளந்து எறக்குன. நாலும் பாடுச்சு."