ஈவர்டின் இடுப்பும் ஹால்வாரின் இடுப்பும்

ஈவர்ட் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் ஹால்வார் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "அவனுக்கு அம்மா எலும்பு. எனக்கு அப்பா எலும்பு."

இருவரும் இரட்டையர். பிரசவம் பார்த்த மருத்துவச்சி, நஞ்சுக்கொடி இரண்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, "தனித்தனிக் கரு" என்று எழுதிவைத்துவிட்டாள். யெம்ட்லாந்து மாகாணத்தில் அந்தக் காலத்து மருத்துவச்சி எழுதினால் எழுதியதுதான். பாதிரியாரே மறுபேச்சுப் பேசமாட்டார். அந்த ஒரு வரியை நம்பி அறுபத்தாறு வருஷமாக இருவரும் வித்தியாசம் வளர்த்தார்கள். ஹால்வார் தாடி வைத்தார், மரம் வெட்டப் போனார். ஈவர்ட் மழித்துக்கொண்டார், தபால் ஆபீசுக்குப் போனார். முகம் ஒன்றாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், "அண்ணன் தம்பின்னா ஜாடை இருக்காதா?" என்று இருவரும் ஒரே குரலில் மறுப்பார்கள்.

அம்மாவும் இடுப்பு உடைந்துதான் படுக்கையானாள். அவளைக் கொண்டு பிறந்தவர் ஈவர்ட் என்பது குடும்பத்தில் முடிந்துபோன விஷயம். ஆகவே, பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்பட்டை இல்லாமல் தபால் பெட்டி வரைக்கும் போய் அவர் விழுந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. ஹால்வாரின் மனைவி குனில்லா மட்டும், "நீயும் ஒரு தடவ எலும்ப ஸ்கேன் எடுத்துப் பாரேன்" என்றாள். ஹால்வார் எழுந்து வெளியே போனார். ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறி, அவசரமே இல்லாத பனியை ஒரு மணி நேரம் வாரித் தள்ளினார்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்காக இரட்டையர் பதிவேடு வைத்திருப்பவர்கள் இலையுதிர்காலத்தில் ஒரு குழாய் அனுப்பி எச்சில் கேட்டிருந்தார்கள். தாங்கள் வேறுவேறு என்று நிரூபணமாகட்டும் என்று இருவரும் தாராளமாகவே துப்பியிருந்தார்கள். முடிவு: ஒரே கரு. கரு சீக்கிரமே பிரிந்தால் நஞ்சுக்கொடி இரண்டு இருக்குமாம். மருத்துவச்சி எண்ணியது சரி, முடிவுகட்டியதுதான் தப்பு.

ஹால்வார் மூன்று முறை படித்தார். பிறகு கார் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்தார்.

"என்ன ஹால்வார், அப்பா எலும்பு தகராறு பண்ணுதா?" என்று ஜன்னலிலிருந்து குனில்லா கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் நிலைமை சரியில்லை. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு நாளாகியும் ஈவர்ட் எழுந்து நிற்க மறுத்தார். நடைப் பயிற்சி கொடுக்கும் தில்டா, ஹால்வாரை வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாரம் நடக்கலைன்னா அவர வீட்டுக்கு அனுப்ப முடியாது. தனியா இருக்கறவர். பராமரிப்பு இல்லம்தான்."

கடிதத்தைப் படித்த ஈவர்ட், தையல் வலிக்கும்வரை சிரித்தார். சிரிப்பு நின்றதும் கூரையைப் பார்த்தார்.

"நாப்பது வருஷம் சிகரெட் ஊதினேன். அதான் இப்படி ஒடிஞ்சுது, எல்லாம் என் தப்புன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"சிகரெட்டும்தான், ஈவர்ட்" என்றாள் தில்டா. "பனியும்தான். பரம்பரை ஒரு பங்கு, அவ்வளவுதான்."

"எதுவோ. இந்த எலும்பு தாங்காது. எழுந்தா மறுபடி ஒடியும்."

ஆறுதல் சொல்வது ஹால்வாருக்கு எப்போதும் வராது. கையில் இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

"செவ்வாக்கிழமை நான் கூரைமேல நின்னேன். தொண்ணூத்தஞ்சு கிலோ. யார் எலும்புல நின்னேன்?"

"உன்னுதுலதான்."

"உன்னுதுலடா, முட்டாள்! ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்கான். என்னையே தாங்குது. நீ அறுபத்தெட்டு கிலோ, உள்ள இரும்பு வேற வெச்சிருக்காங்க. உன்னத் தாங்காதா?"

ஈவர்ட் யோசித்தார். "அந்தக் கணக்குப்படி என்னுது ஒடிஞ்சுது. அப்ப உன்னுது?"

ஹால்வார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ரெண்டு பேர் வாதமும் அரைகுறைதான்" என்றாள் தில்டா, நடைவண்டியைக் கட்டிலோரம் தள்ளியபடி. "ஆனா ரெண்டுமே எனக்கு வசதி."

"நீ போய் ஸ்கேனுக்குப் பேர் குடு. நான் எழுந்திருக்கறேன்" என்றார் ஈவர்ட்.

"மொதல்ல நீ எழுந்திரு."

"உன்னத் தெரியாதா எனக்கு? பேர் குடுத்த சீட்டக் காட்டு."

ஹால்வார் கீழே போனார். மருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், கூரை ஏறுவது நின்றுபோகும் என்று மாடிப்படி முழுக்க அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பாதியில் நின்றார். பராமரிப்பு இல்லத்தின் ஜன்னலோரம் ஈவர்ட் உட்கார்ந்திருப்பது போல நினைத்துப் பார்த்தார். அந்த முகத்தில் தன் தாடியை ஒட்டிப் பார்த்தார். மீதிப் படிகளை இறங்கிப் பேர் கொடுத்தார்.

ஈவர்ட் சீட்டிலிருந்த தேதியைச் சரிபார்த்தார். பிறகு இரண்டு கையாலும் நடைவண்டியைப் பிடித்து எழுந்தார். முகம் வெளுத்தது. ஒடியவில்லை. ஒரு அடி, இன்னொரு அடி. ஹால்வார் தொடாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நகர்ந்தார்.

கதவு வந்தது. "போதும், திரும்பலாம்" என்றாள் தில்டா.

"கக்கூஸ் எந்தப் பக்கம்?" என்றார் ஈவர்ட். "ஆறு நாளா படுக்கையிலயே அந்தத் தட்ட வெச்சு உயிர எடுக்கறீங்க."