ஹுவோ தாத்தாவின் ஐந்தாவது கால் கழுவல்

1.

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. சும்மா கிடைத்த சரக்கை நான் நம்புவதில்லை. சீனாவின் ஃபோஷானில் இருபது வருடமாக டைல்ஸ் வாங்கி விற்கிறேன். ஆலை முதலாளி குவாங் தன் கம்பெனியின் சமூகப் பொறுப்பு அறிக்கையை என் கையில் திணித்தார். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பெண், ஒரு கிழவரின் காலைக் கழுவுகிறாள். அந்தக் கால் ஏற்கெனவே ஊறி வெளுத்திருந்தது. மீதியெல்லாம் நான் கட்டியது.

(நல்லது செய்வதால் லாபம் வருகிறதா, லாபம் வருவதால் நல்லது செய்கிறீர்களா என்று குவாங்கைக் கேட்டேன். "படம் நல்லா வந்திருக்கா?" என்றார்.)

2.

"ஜிங்யி இரக்கமே உருவான..."

வேண்டாம். இப்படி எழுதினால் குவாங்கே விலை பேச வருவார்.

சீன நாள்காட்டியில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், முதியோர் திருநாள். குவாங்கின் கம்பெனியில் அறிக்கை எழுதும் ஜிங்யி, பிளாஸ்டிக் தொட்டியும் புகைப்படக்காரனுமாக முதியோர் இல்லத்துக்குப் போனாள். படம் இல்லாமல் திரும்பினால் வேலை போய்விடும். அங்கிருந்த ஹுவோ தாத்தா காலை மடக்கிக்கொண்டார்.

"நீ அஞ்சாவது கம்பெனிம்மா. காலையில பேங்க்காரன், அப்புறம் இன்சூரன்ஸ்காரன்... இன்னும் தேச்சா எலும்புதான் வரும்."

"தேய்க்கல தாத்தா. தண்ணியில வச்சாப் போதும்."

"என்ன தருவே?"

"அரிசி, எண்ணெய்..."

"கட்டிலுக்கடியில கடையே போடலாம், அவ்வளவு கெடக்கு. நாளைக்கு வா. இந்தக் கேமராக்காரன் வேண்டாம். டீ குடிப்போம்."

"கண்டிப்பா வர்றேன்."

"எத்தனை மணிக்கு?"

(எங்கள் கடைத்தெருவில் பிறந்திருக்க வேண்டிய மனுஷன்.)

"பத்து மணிக்கு."

கால் தண்ணீரில் இறங்கியது.

3.

முடிவு அ: அவள் போகிறாள். இருவரும் சிரித்துச் சிரித்து... [அடித்துவிட்டேன். எழுதும்போது என் கண்ணே கலங்கியது. சரக்கில் கலப்படம் இருக்கிறது.]

முடிவு ஆ: அவள் போகவில்லை. அறிக்கைக்கு முதல் தரம், பங்கு விலை நாலு சதவீதம் ஏற்றம், குவாங் அவளை... [இது நடக்கக்கூடியதுதான். எழுதத்தான் கை வரவில்லை.]

பத்தாம் நாள் வேலைநாள். அன்றைக்கு எந்தக் கம்பெனியும் அந்தப் படியேறாது. பத்து மணிக்கு ஜிங்யி அலுவலகத்தில் படத்துக்குக் கீழே வாசகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தாத்தா இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவளைக் கிளப்ப என்னால் முடியவில்லை. 'வரமாட்டாள், எழுந்திருங்கள்' என்று அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

பதினொன்று ஆகிறது. யாரை அனுப்புவது என்று நீங்களே பாருங்கள். அதுவரை டீக்கான வெந்நீரை மட்டும் சூடாக வைத்திருக்கிறேன்.