சும்மா பார்த்த டீமேக்கர்

என் புருஷன் கணேசமூர்த்தி எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில் பெரிய டீமேக்கர். சம்பளம் முழுக்க அவருடைய மூக்குக்குத்தான். உருட்டி நொறுக்கிய கொழுந்துத் தூளைப் பரப்பி வைத்தால் மெல்ல மெல்லப் பச்சை வாசம் போகும், செம்பு நிறம் ஏறும். அந்தப் பதத்தில் அவர் "எடு" என்பார். ஆட்கள் அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். அவர் சொல்லாமல் ஒருவரும் ஒரு பிடியைக்கூடத் தொடக்கூடாது. கொஞ்சம் பிந்தினாலும் தூள் புளித்துவிடும், அந்தத் தேயிலையைக் கொழும்பு ஏலத்தில் நாய்கூட மோந்து பார்க்காது.

சனி பிடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஐம்பத்துநாலாம் வருஷம் இவரை ஞானம் பிடித்தது. வட்டவளை டவுனில் ஜமால்தீன் முதலாளியின் புடவைக் கடை மாடியில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு சுவாமி தங்கியிருந்தார். இவர் சட்டைத் துணி எடுக்கப் போனவர் மாடியேறிவிட்டார். திரும்பி வந்தவர் கையில் துணி இல்லை, முகத்தில் மட்டும் ஏதோ பெரிய உத்தியோகம் கிடைத்த களை.

"எண்ணம் வரும், போகும். நல்லது கெட்டதுன்னு தீர்ப்புச் சொல்லக் கூடாது. சும்மா பாக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானா என்று நானும் விட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது கூத்து. கூரைப் பீலி உடைந்து மழைத் தண்ணீர் வீட்டுக்குள் கொட்டுகிறது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, பீலியைக் கட்ட வேண்டும் என்று வந்த எண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான்தான் ஏணி வைத்து ஏறினேன். அதே மனிதர் சாப்பாட்டில் உட்கார்ந்தால், "ரசத்துல உப்பு பத்தலை" என்பார். தன் எண்ணத்துக்குத் தீர்ப்பே கிடையாதாம், என் ரசத்துக்கு மட்டும் தினமும் தீர்ப்பு.

வீட்டோடு நின்றிருந்தால் தொலையட்டும் என்று இருந்திருப்பேன். ஒருநாள் ஞானம் ஃபேக்டரிக்குள்ளும் போனது. தூள் பதமாகிவிட்டது. எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இவருக்கு வந்தது. வந்ததைப் பார்த்தார். அது போனது. போனதையும் பார்த்தார். தூள் பரப்புகிற அழகன் பக்கத்திலேயே நின்று, "ஐயா, எடுக்கவாங்க?" என்று கேட்டிருக்கிறான். இவர் கையை மட்டும் உயர்த்தினாராம், கோயில் சிலை மாதிரி. அழகன் பாவம், நிற்கச் சொல்கிறார் என்று நின்றான்.

மறுநாள் காலையில் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை வழக்கம்போலக் கோப்பைகளை வரிசையாக வைத்து ருசி பார்த்தார். ஒரு கோப்பையில் வாய் வைத்தவர் சுவர்வரைக்கும் துப்பினார்.

"என்னா இது? சாணித் தண்ணி! யார் வேலை?"

இவர் வாயைத் திறக்கவில்லை. தப்பு என்னுடையது என்று ஓர் எண்ணம் வந்ததாம், அதையும் பார்த்துக்கொண்டிருந்தாராம். துரை எவ்வளவு நேரம் காத்திருப்பார்? தூள் பரப்புகிற பலகையும் கையுமாக நின்ற அழகன்தான் கண்ணில் பட்டான். அவனுக்குப் பத்துச்சீட்டு எழுதச் சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு என்றால் வேலை மட்டுமா போகும்? லயத்து வரிசையில் குடியிருக்கிற காம்பராவும் போகும். மாசக் கடைசிக்குள் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டும்.

அன்று பின்னேரம் அழகன் பெண்சாதி மீனம்மா கைப்பிள்ளையோடு எங்கள் பின்வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்தை தொரைகிட்ட சொன்னா போதுங்க. நாங்க எங்கேங்க போவோம்?"

இவர் சாந்தமாகச் சிரித்தார். "மீனம்மா, பயம்னு ஒன்னு வருதில்ல? அதைச் சும்மா பாரு. போயிரும்."

"பயம் போயிருங்க. காம்பராவும்ல போயிரும்!" என்றாள் அவள். பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பொய் சொல்லி ஒரு குடும்பத்தை கெடுத்துட்டீங்களே!"

"நான் எங்கே பொய் சொன்னேன்? நான் பேசவே இல்லையே" என்றார்.

அதற்கு மேல் அவரோடு என்ன பேசுவது? அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். சரி, அந்த வித்தையை நாமும்தான் செய்து பார்ப்போமே என்று என் எண்ணங்களைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இரு, குவார்ட்டஸ் வீடு போய்விடும் என்றது ஒன்று. மீனம்மா உனக்குச் சொந்தமா பந்தமா என்றது இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒன்று வந்தது: நான் ரோட்டில் போனால் லயத்துப் பெண்கள் எழுந்து நின்று 'டீமேக்கரம்மா' என்கிறார்களே, அது போய்விடுமே! சீ, இதற்காகவா என்று இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, சுவாமியிடம் விஷயம் இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால் நம் மூஞ்சியில் இருக்கிற கரி நமக்கே தெரிகிறது. தெரிந்த பிறகு எழுந்துபோய்க் கழுவ வேண்டாமா? அந்தப் பாடத்துக்கு முன்னாலேயே என் புருஷன் மாடியிலிருந்து இறங்கிவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் துரை ருசி பார்க்கிற நேரத்துக்கு நான் ஃபேக்டரிக்குப் போனேன். உத்தியோகத்தர் பெண்சாதி அங்கே கால் வைக்கிற வழக்கமே இல்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொரைங்களே, டீமேக்கர் எடுன்னு சொல்லாம இங்க யாராச்சும் தூளைத் தொடலாங்களா?"

"தொடக் கூடாது" என்றார் துரை.

"அப்ப அழகன் மேல என்னங்க குத்தம்? எடுக்கவான்னு கேட்டுட்டுத்தானே நின்னான்?"

துரை இவர் பக்கம் திரும்பினார். "டீமேக்கர், நீ எடுக்கச் சொன்னதா?"

இந்த முறை தப்ப வழியில்லை. ஆனாலும் மனிதரின் முகத்தில் ஒரு பெருமை வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"எடுக்கணும்னு எண்ணம் வந்துச்சுங்க, தொரை. நான் தீர்ப்புச் சொல்லாம பாத்துக்கிட்டு இருந்தேங்க."

துரைக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆபீஸ் கிளாக்கர் இங்கிலீஷில் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

"தீர்ப்புச் சொல்லத்தான் உனக்குச் சம்பளம்!" என்று கத்தினார்.

அழகனின் சீட்டை அங்கேயே கிழித்தார். இவரை ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாடுவதைப் பார்த்துக்கொள்கிற சின்ன வேலைக்குப் போட்டார். மூக்கு தேவையில்லாத வேலை. எங்களுக்கு ஆற்றோரத்தில் ஒற்றை அறை வீடு கிடைத்தது.

சாமான் கட்டுகிற அன்று அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தார். கடைசிப் பெட்டியை நான் தூக்கும்போதுதான் வெடித்தார்.

"கட்டின புருஷனைக் காட்டிக் கொடுத்துட்டியேடி! தப்பு. பெரிய தப்பு!"

எனக்கு அழுகைதான் வந்தது. வீடு போன துக்கம் எனக்கு மட்டும் இல்லையா?

"தப்புங்கிற வார்த்தை உங்க வாயில இன்னும் இருக்கா?" என்றேன். "தொரை துப்பின அன்னிக்கே அதை உங்களைப் பாத்துச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் ஏன் அங்க வரப்போறேன்?"

அவர் குனிந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.