முதல் தலைப்பின் விலாசம்

விலாசம் மாறவே கூடாது என்று கறாராகச் சொன்னவர் சக்கரபாணிதான். அந்த ஒரு விஷயத்தில் வேறு யாரையும் குறை சொல்ல அவருக்கு வழியில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால், வேங்கிக்காலில் தம்பி தசரதன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அதைச் சொன்னார். தசரதனின் பேத்தி மணிமொழி, வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவள். குடும்பத்துக்கென்று ஒரு இணையதளம் வேண்டும் என்று பெரியவர் கேட்டதும் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து செய்து கொடுத்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பிரிந்து போன நூற்று நாற்பது பங்காளி வீடுகளுக்கும் அதில் இடம் உண்டு. ஆளுக்கொரு பக்கம். கல்யாணம், காதுகுத்து, காரியம், தீபத்து அன்னதானம் எல்லாவற்றுக்கும் அறிவிப்பு. யார் எழுதினாலும் சக்கரபாணி பார்த்துச் சரி என்றால்தான் வெளியே வரும்.

"மேல தலைப்பு எழுதறீங்க இல்ல பெரிய தாத்தா, அத வெச்சே அந்தப் பக்கத்துக்கு விலாசம் தானா உருவாயிடும்," என்று திரையைத் திருப்பிக் காட்டினாள் மணிமொழி. தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தாக்கி, புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டுச் சேர்க்கும்படி நிரல் எழுதியிருந்தாள்.

"ஏன், தமிழ்லயே இருந்தா ஆவாதா?"

"இருக்கலாம். ஆனா வாட்ஸ்அப்ல போட்டா சதவீதக் குறியும் நம்பருமா ரெண்டு மொழம் நீளும். பாக்கறவங்க வைரஸ்னு பயந்து தொடமாட்டாங்க. இப்பிடி இருந்தா விலாசத்தப் படிச்சாலே உள்ள இன்னா இருக்குனு தெரிஞ்சிடும்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. முப்பத்தாறு வருடம் பத்திரம் எழுதியவர். படித்தால் புரியவேண்டும், இரண்டு பொருளுக்கு இடம் தரக்கூடாது என்பதில் அவருக்குப் பெயர் உண்டு.

"இன்னொன்னு கேக்கணும் தாத்தா. பின்னாடி யாராச்சும் தலைப்ப மாத்தினா விலாசமும் கூடவே மாறணுமா? இல்ல, மொதல்ல வந்ததே இருக்கட்டுமா? மாறுச்சுன்னா ஏற்கனவே அனுப்பின லிங்க் எதுவும் தெறக்காது."

"மாறக்கூடாது. எழுதினது எழுதினதுதான். இஷ்டத்துக்கு மாத்திக்கறவனுக்கு நம்ம குடும்பத்துல இடமில்ல."

"சரிங்க. பூட்டிடறேன்."

அடுத்த மாசி மாதம் பழைய கூட்டாளி இருசப்பன் அவரை டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அவரும் பத்திர எழுத்தர்தான். "உன் பொண்ணு பேரு பதிவு ஆபீஸ் போர்டுல தொங்குதுப்பா. கூட அருள்ராஜ்னு ஒரு பேரு. நான் பாத்தா பரவாயில்ல, ஊரே பாக்குது," என்றார்.

சக்கரபாணி போய்ப் பார்த்தார். வேலூரில் வங்கி வேலையில் இருந்த ஒரே மகள் வினோதினியின் திருமண அறிவிப்பு. தன் வாழ்நாளில் பாதியை எந்தச் சுவரின் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கழித்தாரோ, அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை வேறு சாதி. அதுகூட இல்லை, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய வீட்டுக்காரர் என்று எழுந்து நின்ற ஆட்கள் அன்று உட்கார்ந்தபடியே அவர் முதுகைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து செல்போனை எடுத்தார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். 'வினோதினிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இனி உறவில்லை.' தலைப்புக்குக் கீழே நாலே வரி. வெளியிட்டு, குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். நூற்று நாற்பது வீட்டிலிருந்தும் ஒருவர் வாய் திறக்கவில்லை. தசரதன் மட்டும் கும்பிடும் கை ஒன்றைப் போட்டார். அது சம்மதமா வருத்தமா என்று அண்ணன் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்று தீபம் போய்விட்டது.

கார்த்திகை தீபத்தன்று அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், இந்தக் குடும்பத்தின் அன்னதானப் பந்தல் நிற்கும். சோறு எத்தனை அண்டா வெந்தாலும், முதல் கரண்டியை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் போடவேண்டும். மருமகள் போடக்கூடாது, ஆண்கள் போடவே கூடாது. மூத்தவர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் முதல் உரிமை. பன்னிரண்டு வயதிலிருந்து வினோதினி போட்ட கரண்டி அது. மூன்று வருடமாக தசரதனின் கடைசி மகள் ரேவதி போட்டாள். ஒவ்வொரு வருடமும் கரண்டியைக் கையில் எடுக்குமுன் பெரியப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அவர் மலையைப் பார்ப்பார்.

இந்த வருடம் ஐப்பசி பிறந்ததுமே மனைவி ஜோதியம்மாள் சொல்லிவிட்டாள். அடுப்படியில் நின்றுகொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"வினோதினி வந்து கரண்டி எடுத்தா நான் பந்தலுக்கு வர்றேன். இல்லன்னா எனக்கு மூட்டு வலினு சொல்லிடுங்க."

"மூட்டு வலியா உனக்கு?"

"இல்ல. அதத்தான் சொல்லச் சொல்றேன்."

மகளும் தாயும் போனில் பேசிக்கொள்வது அவருக்குத் தெரியும். கொல்லைப்புறத்தில் தாழ்ந்த குரல் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். பேத்தி பிறந்ததும், இனியா என்று பேர் வைத்ததும் அந்தச் சத்தத்தினூடே அவர் காதில் விழுந்த செய்திகள்.

மகளை இவரே கூப்பிட்டிருக்கலாம். எண் மனப்பாடம். ஆனால் பெற்றவன் முதலில் பேசுவதா என்ற இடத்தில் விரல் நின்றுவிடும். ஒரு வாரம் யோசித்து ஒரு வழி கண்டார். பேசவேண்டாம், எழுதிவிடலாம். அவர் தொழிலும் அதுதானே.

பழைய பக்கத்தைத் திறந்தார். நாலு வரியையும் அழித்தார். தலைப்பை மாற்றினார். 'சக்கரபாணி – ஜோதியம்மாள் தம்பதியின் மகள் வினோதினி.' கீழே கணவர் அருள்ராஜ், மகள் இனியா என்று சேர்த்தார். அருள்ராஜ் என்ற பெயரைத் தட்டி முடிக்க அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

பத்திரத்தில் ஒரு சொல் தப்பினால் சுரண்டக்கூடாது, மேலே எழுதி மறைக்கக்கூடாது. குறுக்கே கோடிழுத்து, கடைசியில் 'இன்ன வரியில் இன்ன சொல் அடித்தல்' என்று தனியாக எழுதி, எழுதிக்கொடுத்தவர் அதற்கும் கையெழுத்துப் போடவேண்டும். அடித்ததை ஒப்புக்கொள்ளாத பத்திரம் எங்கேயும் நிற்காது. இங்கே அந்தத் தொல்லை எதுவும் இல்லை. பக்கம் பளிச்சென்று இருந்தது. பழைய எழுத்தின் தடம்கூட இல்லை. பெருமூச்சு விட்டு, அந்தப் பக்கத்தின் லிங்கை மகளுக்கு அனுப்பினார். ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. நீல நிறத்தில் ஒரு வரி மட்டும் போயிற்று.

இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை.

மறுநாள் காலை ஜோதியம்மாள் காபியை மேசையில் வைத்தாள். வைத்தவள் நகரவில்லை.

"அவளுக்கு இன்னாத்த அனுப்பினீங்க?"

"பக்கத்த. மாத்தி எழுதியிருக்கேன். மாப்ள பேரு, கொழந்த பேரு எல்லாம் இருக்குது."

"அது உள்ள. மேல இன்னா இருக்குதுனு படிச்சீங்களா? மூணு வருஷம் கழிச்சு எங்கப்பா மொத மொதல்ல அனுப்பினது இதாம்மானு கேட்டா. அழக்கூட இல்ல. சிரிச்சா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அனுப்பிய நீல வரியைப் பார்க்கச் செல்போனைத் தூரத்தில் பிடித்தார். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். வினோதினிக்கும். ஒரு கோடு. எங்கள். ஒரு கோடு. குடும்பத்துக்கும். ஒரு கோடு. மீதியைப் படிக்காமலே செல்போனைக் கவிழ்த்து வைத்தார். காபி ஆறிப்போனது.

மணிமொழியிடம் அன்றே போனார். அவள் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள்.

"தலைப்பு மாறினாலும் விலாசம் மாறக்கூடாதுனு நீங்கதானே தாத்தா சொன்னீங்க. நிரல் மொதல் தலைப்ப மட்டும்தான் பாக்கும். பின்னாடி நீங்க எது மாத்தினாலும் அதுக்குத் தெரியாது."

"யார் சொன்னாங்கனு நான் கேக்கல. இப்ப மாத்த முடியுமா, முடியாதா?"

"முடியும். புதுத் தலைப்புலேர்ந்து புது விலாசம் எடுத்துடலாம். பழசத் தொட்டாலும் புதுசுக்கு வந்து நிக்கிற மாதிரி பண்ணிடறேன்."

"பழச ஒழிச்சுடு."

"என் பக்கத்துல ஒழிக்கலாம். குரூப்ல நூத்தி நாப்பது வீட்டு போன்ல கெடக்குதே, அத நான் எங்கேர்ந்து எடுக்கறது?" அவள் தட்டச்சு செய்துகொண்டே, பார்க்காமல் கேட்டாள். "நான் வேணா அத்தைக்கு போன் பண்ணட்டுமா? இது மிஷின் போட்டது, தாத்தா வேணும்னு பண்ணலனு சொல்றேன்."

"மொத தடவ மிஷினா போட்டுது?"

மணிமொழி தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டு ஆளுங்க யார்கிட்டயும் விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க மாட்டாங்க. விலாசத்த மட்டும் மாத்து."

"பேசினா நல்லதுனு தோணுச்சு தாத்தா. அவ்ளோதான்."

பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், மகள் பெயர், நடுவில் சின்னச் சின்னக் கோடுகள். சுத்தமான விலாசம்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை அவர் மறுபடி திறந்தார். அடியில் பத்திர நடையிலேயே ஒரு வரி எழுதினார். 'மேற்படி பக்கத்தின் பழைய தலைப்பு என்னால் எழுதப்பட்டது. தவறு என்று கண்டு என்னாலேயே அடிக்கப்பட்டது.' கீழே தன் பெயரையும் எழுதினார். எழுதியதை மூன்று முறை படித்தார். பிழை இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பங்காளிகளில் இதை யார் யார் படிப்பார்கள், இருசப்பன் காதுக்கு எத்தனை நாளில் போகும் என்று எண்ணிப் பார்த்தார். பிறகு கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். தன் பெயர் அழிந்தது. 'தவறு' அழிந்தது. புது விலாசத்தை மட்டும் மகளுக்கு அனுப்பினார். இந்த முறையும் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

தீபத்தன்று காலை ஜோதியம்மாள் புதுப் புடவை கட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்து, பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் வருவதாகச் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை. மனைவி வந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டார். முதல் கரண்டியைத் துணியால் துடைத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கே பாதை நிரம்பிவிட்டது. வெறுங்காலோடு வந்த கூட்டம் பந்தல் முன்னால் வளைந்து நின்றது. சாம்பார் சாதத்தின் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்ணா?" என்றார் தசரதன். "ஜனங்க வெயில்ல நிக்குது."

"இருடா."

"அரை மணியா இருடா இருடாங்கற."

கடைசியில் சக்கரபாணி கரண்டியை எடுத்து ரேவதியிடம் நீட்டினார். அவள் வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல மலையைப் பார்த்தார். முதல் கரண்டி விழுந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, ஆனால் ஜோதியம்மாள் எழுந்து போகவில்லை.

பெண்கள் போட்ட பிறகு ஆண்களும் கை கொடுக்கலாம். அவரும் ஒரு கரண்டியோடு நின்றார். ஐம்பது பேரோ அறுபது பேரோ போயிருப்பார்கள். பாக்குமட்டைத் தட்டு ஒன்று நீண்டது. அதைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில், சின்ன வயதில் சூடுபட்ட தழும்பு. இதே பந்தலில், இதே அண்டா விளிம்பில் பட்டது.

வினோதினி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் அருள்ராஜ் தட்டோடு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நீண்ட வரிசையில் எல்லோரையும் போலக் காத்திருந்து வந்திருக்கிறார்கள்.

"கரண்டி அங்க இருக்குது," என்றார் அவர்.

"அது அந்த வீட்டுப் பொண்ணுங்க போடறதுங்க ஐயா."

"பக்கத்தப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன். நல்லா பண்ணியிருக்கா மணிமொழி. பழசத் தொட்டாக்கூட அழகா புதுசுக்குக் கொண்டு போவுது." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "ஏன் பழசு, ஏன் புதுசுனு ஒரு வரி இருக்குமானு கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பாத்தேன். இல்ல. அதான் வரிசையில வந்தேன்."

அவருக்கு அந்த வரி ஞாபகம் இருந்தது. எழுத்துப் பிசகாமல் இருந்தது. இப்போது வாய் திறந்து சொன்னால்கூடப் போதும். பக்கத்தில் தசரதன் நின்றார். அந்தப் பக்கம் கீழ்பென்னாத்தூர்ப் பங்காளிகள் தட்டுக்கட்டு தூக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கரண்டியை அண்டாவில் ஆழமாக விட்டு அள்ளினார்.

"கம்மியா போடுங்க ஐயா. ஜாஸ்தி வேணாம்."

போட்டார். அவள் தட்டோடு பின்பக்கமாகப் போய் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஜோதியம்மாள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அருள்ராஜ் தன் தட்டை நீட்டினான். அவனுக்கும் போட்டார்.

"யாருண்ணா அது?" என்று தசரதன் மெல்லக் கேட்டார். தெரிந்தேதான் கேட்டார். அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று கேட்டார். "வினோதினியா?"

சக்கரபாணி அடுத்த தட்டுக்குக் கரண்டியைத் தூக்கினார்.

"வரிசையில வந்தவங்க," என்றார்.