ராசிப் பெட்டி

கையுறை பேக்டரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த புஷ்பவள்ளி, நாற்பத்து நான்கு வயதில் பக்கத்து ஊரான பீடோங்கில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள் என்றால், எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவில் பாதிப் பேர் இன்னும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அந்தப் புஷ்பவள்ளி நான்தான்.

எங்கள் கோயிலில் தைப்பூசத்தன்று அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசை சாலை வரை நிற்கும். அதற்காக இரண்டு டேப்லட்டுகளில் ஒரு செயலி செய்தேன். வாசலில் பெயரைத் தட்டி நட்சத்திரத்தைத் தொட்டால் திரையில் ராசிப் பெட்டி தானாக நிரம்பும். அதே வரி சன்னதியில் குருக்களின் திரையிலும் உடனே தெரியும். இங்கே மாறினால் அங்கேயும் மாறும்படி நிரலில் பிணைத்திருந்தேன். மூன்று மாத உழைப்பு.

கோயில் செயலாளர் சத்தியசீலன் அண்ணனுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் போட்டுக் காட்டும்மா. சரியா வரலன்னா இந்த வேலைய பினாங்கு கம்பெனிக்கே குடுத்துருவோம் லா," என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை முதல் ஆளாக அவரே வந்தார். பெயரைத் தட்டினார், கார்த்திகையைத் தொட்டார். உள்ளே குருக்கள், "சத்தியசீலன், கார்த்திகை நட்சத்திரம், மேஷ ராசி" என்று உரக்கப் படித்தார்.

"அய்யய்யோ, நான் ரிஷபம் லா! என் ராசியவே மாத்திட்டியேம்மா!"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது. கார்த்திகையின் முதல் பாதம் மேஷம், மற்ற மூன்றும் ரிஷபம். இப்படி இரண்டு ராசிகளில் கால் வைக்கும் நட்சத்திரங்கள் ஒன்பது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ராசிக்குள் அடங்கும் நட்சத்திரம். அந்த நினைப்பிலேயே ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு ராசி என்று கட்டிவிட்டேன், அவசரக்குடுக்கை.

"பரவால்லம்மா, கம்பெனியையே கூப்பிட்டுக்கறோம்," என்றார் அண்ணன்.

"இன்னைக்கிப் பூசை முடியட்டும்ண்ணே. அதுவரைக்கும் யாரும் இதுல கைய வைக்கக் கூடாது!" குரல் கொஞ்சம் ஓங்கித்தான் போயிற்று.

மடிக்கணினியை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அந்த ஒன்பதில் எதைத் தொட்டாலும் ராசிப் பெட்டி தானாக நிரம்பக் கூடாது. இரண்டு ராசிகளையும் காட்டி எது என்று கேட்க வேண்டும். முதல் தடவை பெட்டி வெறுமையாகவே நின்றது. என்னையே திட்டிக்கொண்டு மறுபடி எழுதினேன். தீபாராதனை மணி அடிக்கும்போது முடித்துவிட்டேன்.

அண்ணன் மீண்டும் கார்த்திகையைத் தொட்டார். மேஷமா ரிஷபமா என்று கேட்டது. ரிஷபத்தைத் தொட்டார். குருக்களும் சரியாகப் படித்தார். பின்னால் நின்றவர்கள் வேண்டுமென்றே விசாகம், சித்திரை என்று சோதித்தார்கள். சோதிக்கட்டுமே! ஒன்றுகூடப் பிசகவில்லை.

"கம்பெனி வேணாம் லா," என்றார் அண்ணன். "தைப்பூசத்துக்கு இதையே வெச்சுக்குவோம். அடியில உபயம்னு உன் பேரப் போட்டுக்கம்மா."

மின்விசிறி முதல் குத்துவிளக்கு வரை, வாங்கிக் கொடுத்தவர் பெயர் எங்கள் கோயிலில் அப்படித்தான் இருக்கும்.

"நான் கடையில வாங்கிக் குடுக்கலண்ணே. எழுதுனேன்," என்று சொல்லி, அவர் பார்க்கும்போதே தட்டினேன்.

அந்த வரி குருக்களின் திரைக்கும் போய்விட்டது. அவர் அர்ச்சனை என்று நினைத்து அதே ராகத்தில் இழுத்துப் படித்தார்: "எழுதியது புஷ்பவள்ளி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சாமி, இன்னொரு தடவ!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.