டிசம்பர் பூ நிறம்

"ஹெலன்க்கா, ஒருதபா தொட்டா லிங்க்கே காணாம பூடுது. இன்னா கலரு வச்சிக்கிறீங்க?" என்று பூமிகா போனில் கத்தினாள். பின்னால் மெஷின் இரைச்சல்.

கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. மெஷின் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று சொல்லும் உதவிப் பக்கங்கள் அதில் இருக்கும். எழுதியவள் ஆபீஸில் இருக்கும் ஹெலன். திறக்காத லிங்க் நீலம், திறந்து பார்த்தது வெளிர் ஊதா. அந்த ஊதாவை அவள் சும்மா வைக்கவில்லை. ஒருநாள் டிசம்பர் பூ வைத்துக்கொண்டு போனபோது, நாலாம் மெஷின் இம்மானுவேல், "இந்தக் கலரு நல்லா கீது மேடம்" என்றான். வேலையைத் தாண்டி அந்த மனுஷன் பேசிய ஒரே பேச்சு அதுதான். சாயங்காலத்துக்குள் எல்லா மெஷினிலும் லிங்க் நிறம் மாறிவிட்டது. ஆசை வந்தால் கம்ப்யூட்டரைக்கூட விட்டுவைப்பதில்லை.

பக்கம் புரிகிறதா என்று கேட்கும் சாக்கில் அடிக்கடி போய் நிற்பாள். "புரியுது மேடம்" என்பான். இன்னும் ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கியே நாள் ஓடியது. பொங்கல் கழிந்ததும் அவனை குஜராத் பேக்டரிக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளாமலே போனான். அதுவரை அவன் ஒருவனே ஓட்டிய மெஷின் சும்மா கிடந்தது. இந்த வாரம்தான் அதை ஓட்ட பூமிகா வந்திருக்கிறாள்.

ஹெலனுக்கு நிறத்தை மாற்ற மனசு வரவில்லை. அவனுடையது என்று அவளிடம் இருப்பது அது ஒன்றுதானே. "பாக்கறேன், பாக்கறேன்" என்று இழுத்தடித்தாள். கடைசியில் பூமிகா நேரில் வந்து கையோடு அழைத்துப் போனாள்.

எண்ணெய் தெறிக்காமலிருக்கத் திரைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை பழுப்பேறிக் கிடந்தது. ஆபீஸில் அழகாகத் தெரிந்த ஊதா அதற்குள் அடியோடு மறைந்துபோயிருந்தது. இத்தனை தடவை வந்தவள் ஒருநாளாவது திரையைப் பார்த்திருந்தால்தானே!

"அவசரத்துக்குத் தேடுனா ஒண்ணும் ஆம்படலக்கா. சூப்பர்வைசர் பேஜாரு பண்றாரு."

நியாயம்தான். லேப்டாப்பை அங்கேயே திறந்து, ஊதாவை அழித்து அடர் அரக்கு நிறம் கொடுத்தாள். திரையில் பக்கத்தைப் புதிதாகத் திறந்ததும், மறைந்து கிடந்த லிங்க்கெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் 'எழுதியவர்: ஹெலன்' என்று இருந்தது. அதுவும் அரக்கு, திறந்து பார்த்த நிறம்.

"இத நான் தொறக்கவே இல்லியே" என்றாள் பூமிகா.

ஹெலன் அதைத் தொட்டாள். உள்ளே அவளுடைய போன் நம்பர். அதற்குக் கீழே அவளே எழுதிவைத்த வரி: 'கேட்க வேண்டியது இருந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள்.'

"பாவி, இதுவரைக்கும் வந்துட்டுத் தயங்கிட்டியே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"யாருக்கா?"

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குஜராத்துக்குப் போனவங்க நம்பரு யாருகிட்ட கெடைக்கும் பூமிகா?"